ஹைட்ரோஜெல் பூசிய துணி: சுடருக்கு முன் எத்தனை விநாடி தாங்கும்?

தறிநிழல் | பதிவு 1

அனைவருக்கும் வணக்கம். நான் துணியியல் படிக்கும் மாணவன். ஹைட்ரோஜெல் பூசிய துணியின் மீது எரிவாயுச் சுடரை நேராகப் பிடித்தும் துணி கருகாமல் நிற்கும் காணொளிகள் இப்போது நிறையச் சுற்றுகின்றன. ஒன்றில் துணிக்கு அடியில் உள்ளங்கையையே வைத்துக் காட்டுகிறார்கள். அந்தக் கூழ்ப்படலத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தானாம்.

இறுதியாண்டு ஆய்வுக்கு இதை எடுத்துக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன். தண்ணீர் மட்டுமே இவ்வளவு வேலை செய்கிறதா, அல்லது தீத்தடுப்பு வேதிப்பொருள் ஏதாவது உள்ளே ஒளிந்திருக்கிறதா? தண்ணீர்தான் என்றால் தீயணைப்பாளர்கள் ஏன் இன்னும் இதை உடுத்தவில்லை? சாதாரண ஆய்வுக்கூடத்தில் செய்துபார்க்க வழி உண்டா?

கொதிநிலை | பதிவு 2

தண்ணீர்தான். எதுவும் ஒளிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரி செல்சியசிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 290 கிலோஜூல் வேண்டும். அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்க மேலும் 2257 கிலோஜூல் வேண்டும். சூடாக்குவதைவிட ஆவியாக்குவதற்கு ஏழெட்டு மடங்கு செலவு. இந்த உள்ளுறை வெப்பம்தான் முழுக் கதையும்.

ஒரு சதுர மீட்டர் துணியில் 1 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கூழ் பூசினால் எடை சுமார் ஒரு கிலோ வரும். அதில் 900 கிராம் தண்ணீர். அது முழுவதும் ஆவியாகும் வரை விழுங்கும் வெப்பம் சுமார் 2300 கிலோஜூல். பாதுகாப்பு உடைகளுக்கான திடீர்த் தீச் சோதனைகளில் துணியின் மீது பாய்ச்சும் வெப்பம் சதுர மீட்டருக்கு 84 கிலோவாட். வகுத்தால் 27 விநாடி.

இப்போது காய்ந்த அராமிட் துணியைப் பாருங்கள், தீயணைப்பு உடைகளில் வரும் வெப்பம் தாங்கும் செயற்கை இழை அது. சதுர மீட்டருக்கு 250 கிராம் எடை. அது 300 டிகிரி கூடுதலாகச் சூடாகும் வரை விழுங்கக்கூடியது 90 கிலோஜூல் அளவில்தான். அதே 84 கிலோவாட்டுக்கு முன் ஒரு விநாடிக்குச் சற்று மேல். அராமிட் உருகாது, எளிதில் எரியாது, ஆனால் சூடாகும். கூழ் அப்படியல்ல. உள்ளே தண்ணீர் இருக்கும் வரை அந்தப் படலத்தின் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது.

27 விநாடி என்பது உச்சவரம்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லா இடத்திலும் ஒரே சீராகக் காயாது. முதலில் காய்ந்த இடத்தில் முதலில் ஓட்டை விழும்.

கூழ்மம் | பதிவு 3

கொதிநிலை சொன்ன கணக்கு புதிதல்ல. வெப்பவியல் படித்த யாரும் நூறு ஆண்டுக்கு முன்பே போட்டிருக்க முடியும். அப்புறம் ஏன் இத்தனை காலம் யாரும் செய்யவில்லை என்பதுதான் சுவையான இடம்.

ஹைட்ரோஜெல் என்பது நீண்ட பாலிமர் சங்கிலிகள் அங்கங்கே ஒன்றோடொன்று பிணைந்து உருவாகும் வலை. வலையின் கண்களில் தண்ணீர் தேங்கி நிற்கும். தண்ணீரில் ஊறி மென்மையாகும் பாலிமரை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ஓட்டோ விக்டர்லேவும் டிராகோஸ்லாவ் லிம்மும் 1960இல் எழுதினார்கள். மென்மையான கண் வில்லைகள் அந்த வழியில் வந்தவை. ஆனால் 90 விழுக்காடு தண்ணீர் இருக்கும் சாதாரணக் கூழ் விரலால் அழுத்தினாலே பிளந்துவிடும். அதைத் துணியில் பூசி மடித்தால் அன்றைக்கே உதிர்ந்துவிடும்.

திருப்பம் 2003இல் தொடங்கியது. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஜியான் பிங் கோங் குழுவினர் இரண்டு வலைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னி, இழுவையைத் தாங்கும் கூழைக் காட்டினார்கள். 2012இல் ஹார்வர்டில் சிகாங் சுவோ குழு ஆல்ஜினேட்டையும் பாலிஅக்ரிலமைடு என்ற செயற்கைப் பாலிமரையும் சேர்த்துச் செய்த கூழ், தன் நீளத்தைப்போல் இருபது மடங்கு இழுபட்டது. அதைக் கிழிக்க வேண்டிய ஆற்றல் சதுர மீட்டருக்கு சுமார் 9000 ஜூல். கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட்டைக் கால்சியம் அயனிகள் பிணைத்து வைக்கின்றன. இழுக்கும்போது அந்தப் பிணைப்புகள் முதலில் அவிழ்ந்து ஆற்றலை வாங்கிக்கொள்கின்றன. பாலிஅக்ரிலமைடு வலை அறுபடாமல் நின்று எல்லாவற்றையும் பிடித்துவைக்கிறது.

அதே ஹார்வர்டு வட்டத்தில் 2016இல் இந்தக் கூழையும் துணியையும் ஒட்டி அடுக்காக்கித் தீயில் சோதித்து, வெப்பக் கணக்கோடு கட்டுரை வெளியிட்டார்கள். தீப்போர்வை, உடை இரண்டுக்கும் பொருந்தும் என்று எழுதினார்கள். நீங்கள் பார்க்கும் காணொளிகளின் தாத்தா அதுதான் என்று நினைக்கிறேன்.

வலிமை எதற்கு என்றால், மடிப்பதற்கு மட்டுமல்ல. படலத்துக்குள் தண்ணீர் கொதிக்கும்போது குமிழி எழும். தண்ணீர் ஆவியாகும்போது அதன் பருமன் 1600 மடங்குக்கு மேல் பெருகுகிறது. பலவீனமான கூழ் அந்த அழுத்தத்தில் துணியை விட்டுப் பெயர்ந்து சிதறும்.

மூன்றாம்அடுக்கு | பதிவு 4

தீயணைப்புப் பணியில் இருப்பவன். தாளில் எழுதும் கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. எங்களை எரிப்பது பல சமயங்களில் நெருப்பல்ல, நீராவி.

எங்கள் மேலங்கியில் மூன்று அடுக்குகள் உண்டு. வெளியே அராமிட் ஓடு, நடுவில் ஈரத்தைத் தடுக்கும் படலம், உள்ளே காற்றைப் பிடித்துவைக்கும் வெப்பத் தடுப்பு அடுக்கு. உண்மையில் காப்பாற்றுவது அந்த உள் அடுக்கில் இருக்கும் காற்று. அது வியர்வையில் நனைந்துவிட்டால் போச்சு. தோளில் காற்று உருளையின் பட்டை அழுத்தும் இடம், தரையில் ஊன்றும் முழங்கால், இங்கெல்லாம் வெளித்துணியில் கருகிய தடமே இல்லாமல் தோலில் கொப்புளம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த நிலையில் நீங்களே ஒன்பது பங்கு தண்ணீரைக் கொண்டுவந்து உடம்பில் கட்டிக்கொள்ளச் சொல்கிறீர்கள். 100 டிகிரியைத் தாண்டாது என்பது ஆறுதலா? தோல் 44 டிகிரியிலேயே வலிக்கத் தொடங்குகிறது. 72 டிகிரியில் நொடியில் அழிந்துவிடும்.

சந்தேகி | பதிவு 5

நானும் அதையேதான் கேட்க வந்தேன். ஹார்வர்டு, ஹொக்கைடோ என்று பெயர்கள் வந்து விழுகின்றன. ஒரு சாக்கை வாளித் தண்ணீரில் முக்கிப் போர்த்திக்கொண்டு ஓடினால் இதே 2257 கிலோஜூல் கிடைக்காதா? தண்ணீர் கூழாகிவிட்டால் அதன் உள்ளுறை வெப்பம் கூடிவிடுமா என்ன?

கொதிநிலை | பதிவு 6

மூன்றாம்அடுக்கு ஐயா சொன்னது இந்த விவாதத்தின் மையம். காணொளிகளில் இதை யாரும் விளக்குவதில்லை. எண்களில் பார்க்கலாம்.

தீயைப் பார்த்த பக்கம் கூழ். அதற்குப் பின்னால் 5 மில்லிமீட்டர் உலர்ந்த கம்பளம் போன்ற அடுக்கு. அதற்கும் பின்னால் தோல். கூழ் 100 டிகிரியில் நிற்கிறது, தோல் 35 டிகிரி. உலர் அடுக்கின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, டிகிரிக்கு 0.04 வாட் என்று வைத்தால், தோலை வந்தடைவது சதுர மீட்டருக்கு அரைக் கிலோவாட்டுக்குச் சற்று மேல். வெளியே 84, உள்ளே அரை. கொதிநீரின் வெப்பத்தை எட்டிய படலம் இவ்வளவு அருகில் இருந்தும் தோல் தப்புகிறது.

அதே அடுக்கு முழுக்க நனைந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்த காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். இப்போது தோலை அடைவது சதுர மீட்டருக்கு 6 கிலோவாட்டுக்கு மேல். ஆய்வாளர் ஆலிஸ் ஸ்டோல் தோல் தீக்காயம் பற்றிச் செய்த அளவீடுகளின்படி, அந்த அளவில் சுமார் 20 விநாடியில் இரண்டாம் நிலைத் தீக்காயம்.

ஆக, சந்தேகி கேட்டதற்கான விடையும் இதுவே. சாக்கில் இருக்கும் தண்ணீருக்கும் கூழில் இருக்கும் தண்ணீருக்கும் உள்ளுறை வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேறுபாடு தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதில். சாக்கின் தண்ணீர் கீழே வடியும், உள்சட்டைக்கு ஏறும், தோலை நனைக்கும். வலைக்குள் சிக்கிய தண்ணீர் தன் இடத்தைவிட்டு எளிதில் நகராது, பின்னால் உள்ள உலர் அடுக்கும் உலர்ந்தபடி இருக்கும். கூழ் வெப்பத்தை விழுங்குகிறது, உலர் துணி தோலைக் காக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் காட்டும் காணொளியை நம்பாதீர்கள்.

சந்தேகி | பதிவு 7

அப்படியென்றால் முதல் சில விநாடிகளுக்கு என் சாக்கு தோற்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கூழ்மம் | பதிவு 8

எடுத்துக்கொள்ளலாம், சாக்கு அந்த நேரத்தில் நனைந்திருந்தால். தீப்பிடித்த அறையில் வாளியைத் தேடும் நேரத்தை யார் தருவது? கூழ்ப்போர்வையின் ஆதாயம் பாதி அதில்தான். திறந்தவுடன் ஈரம் தயார்.

மூன்றாம்அடுக்குக்கு ஒரு விளக்கம். ஆவி எந்தப் பக்கம் போகும் என்பது முக்கியம். கூழ் தீயைப் பார்த்த முகத்திலிருந்து உலர்ந்துகொண்டே பின்வாங்கும். பின்னால் இருக்கும் ஈரக் கூழில் துளைகள் இல்லை, எனவே ஆவி பெரும்பாலும் வெளிப்பக்கமே தப்பும். அப்படி வெளியேறும் ஆவி சுடரின் ஆக்சிஜனையும் கொஞ்சம் நீர்த்துப்போகச் செய்யும். சிக்கல் எப்போது என்றால், படலம் முழுவதுமே கொதிநிலையை எட்டிய பிறகு. அப்போது துணியோடு ஒட்டிய முகத்திலும் குமிழி வரும். அதனால் கூழுக்கும் உலர் அடுக்குக்கும் இடையே ஆவி புகாத மெல்லிய படலம் ஒன்று தேவை என்பது என் கருத்து. அது இல்லாத வடிவமைப்பை நான் உடை என்று சொல்ல மாட்டேன்.

சாயப்பட்டறை | பதிவு 9

துணி பதனிடும் ஆலையில் நீண்ட காலமாக வேலை. ஆய்வாளர்கள் பேசாத சில விஷயங்கள்.

முதலில், தீத்தடுப்புத் துணி என்பது பழைய தொழில். ஜோசப் கே-லுசாக் 1821இலேயே அம்மோனியம் பாஸ்பேட், அம்மோனியம் குளோரைடு, போராக்ஸ் கலவைகளை லினனிலும் சணலிலும் ஏற்றிக் காட்டியிருக்கிறார், நாடக அரங்குத் திரைகள் எரிந்துகொண்டிருந்த காலம். இன்றும் பருத்திக்குப் பாஸ்பரஸ் சேர்மங்களைத்தான் ஏற்றுகிறோம். அவை வெப்பத்தை விழுங்குவதில்லை. பருத்தி சிதையும் வழியையே மாற்றி, எரியும் வாயுவாகப் போக வேண்டியதைக் கரியாக நிறுத்திவிடுகின்றன. துணி கருகும், தீ பரவாது. சூடு உள்ளே வருவது வேறு கதை. தறிநிழல் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது: தீ பரவாமல் நிற்பது ஒரு குணம், பின்னால் இருப்பவருக்குச் சூடு போகாமல் தடுப்பது இன்னொரு குணம். பழைய வேதிப்பூச்சு முதலாவதைத் தரும். கூழ் இரண்டையும் தரும், தண்ணீர் இருக்கும் வரை.

எல்லாப் பூச்சும் நல்லதல்ல என்பதற்கும் தொழிலில் பாடம் இருக்கிறது. குழந்தைகளின் இரவு உடைகளில் ஏற்றிய டிரிஸ் என்ற புரோமின் சேர்மத்தை 1977இல் அமெரிக்காவில் தடை செய்தார்கள், புற்றுநோய் அச்சத்தால். தண்ணீரே தீத்தடுப்பான் என்றால் அந்தத் தலைவலி குறையும் என்பது உண்மை.

ஆனால் எங்கள் ஆலைக் கண்ணில் பார்த்தால் கூழ் பெரும் தொல்லை. மற்ற எந்தப் பூச்சையும் ஏற்றியபின் ஸ்டென்டர் என்ற சூடான இயந்திரத்தில் ஓட்டி உலர்த்தி, சுருட்டி அனுப்புவோம். இதை உலர்த்தக் கூடாது. ஈரச் சுருள்! எடை, பூஞ்சை, ஒட்டிக்கொள்ளுதல், எல்லாம் வரும். துவைக்கவும் முடியாது. சலவைத்தூளில் இருக்கும் சோடியம் கார்பனேட் ஆல்ஜினேட்டைப் பிடித்துவைக்கும் கால்சியத்தைப் பறித்துவிடும். கூழ் குழகுழவென்று கரைந்து போகும். நாள்தோறும் உடுத்தும் சீருடையாக இது வராததற்கு இது ஒன்றே போதும்.

தறிநிழல் | பதிவு 10

அனைவருக்கும் நன்றி. சாயப்பட்டறை அண்ணா, உலர்ந்து போவதுதான் பெரிய சிக்கல் என்று புரிகிறது. திறந்து வைத்தால் எவ்வளவு காலம் தாங்கும்? உப்பு சேர்த்தால் காயாது என்று எங்கோ படித்தேன்.

கூழ்மம் | பதிவு 11

திறந்து வைத்த மெல்லிய படலம் ஓரிரு நாளில் பெரும்பகுதி காய்ந்து சுருங்கி அட்டைபோல் ஆகிவிடும். காற்றோட்டமும் ஈரப்பதமும் பொறுத்தது.

உப்பு சேர்ப்பது உண்மையான வழிதான். லித்தியம் குளோரைடு கலந்த கூழ்கள் ஈரத்தை நன்கு பிடித்துவைப்பதை 2014இல் காட்டினார்கள். தத்துவம் எளிது. லித்தியம் குளோரைடின் செறிவான கரைசலுக்கு மேல் நிற்கும் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 11 விழுக்காடு மட்டுமே. சுற்றியுள்ள காற்று அதைவிட ஈரமாக இருந்தால் கூழ் முழுதாகக் காயாது, காற்றிலிருந்தே தண்ணீரை வாங்கிக்கொள்ளும். கால்சியம் குளோரைடுக்கு அந்த எண் 30 அளவில். சாலைத் தூசி அடக்குவோர் இந்தக் குணத்தைப் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள்.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. உப்பு எடுத்துக்கொள்ளும் இடம் தண்ணீருக்கு இல்லை. வறண்ட காற்றில் கூழ் காய்ந்து முடிக்காது என்றாலும் பாதித் தண்ணீரை இழந்துதான் சமநிலைக்கு வரும், பதிவு 2இல் உள்ள 27 விநாடியும் அதே விகிதத்தில் இறங்கும். ஈரக் காற்றில் எதிர்மாறாக உப்பிப் பருக்கும், எடை கூடும். செறிவான உப்புக்கரைசலின் கொதிநிலையும் 100இல் நிற்காது, கால்சியம் குளோரைடு நிறைய இருந்தால் 110, 120 என்றுகூட ஏறும். உலோகக் கொக்கிகளும் ஜிப்புகளும் துருப்பிடிக்கும்.

என்னைக் கேட்டால் உப்பைவிட அலுமினியத் தாள் உறையே சிறந்தது. காற்றுப் புகாமல் அடைத்து, பூஞ்சை வராமல் பதப்பொருள் சேர்த்து, எடையைப் பொறித்து வைத்துவிட வேண்டும். அவ்வப்போது எடைபோட்டால் தண்ணீர் குறைந்ததா என்று தெரிந்துவிடும்.

மூன்றாம்அடுக்கு | பதிவு 12

உறையில் அடைத்த போர்வை என்றால் நான் சண்டைக்கு வரவில்லை. அப்படி ஒரு பொருள் ஏற்கெனவே இருக்கிறது, கூழில் ஊறவைத்த கம்பளிப் போர்வைகள் உறையிலோ டப்பாவிலோ வருகின்றன. எரியும் ஆளைப் போர்த்தி அணைக்கவும், புகையும் தீயும் சூழ்ந்த வழியே ஒருவரை இழுத்து வரவும் உதவும். சண்டைக் கலைஞர்கள் உடம்பில் தீ வைத்துக்கொள்ளும் காட்சிகளிலும் உள்ளுடையைக் குளிர்ந்த கூழில் நனைத்துத்தான் அணிகிறார்கள், மேலே அராமிட் உடை. அவர்களுக்குத் தீ எப்போது பற்றும், எப்போது அணைப்பார்கள் என்று தெரியும். எங்களுக்குத் தெரியாது.

உடையாக ஏன் வேண்டாம் என்பதற்கு இன்னும் மூன்று காரணம் சொல்கிறேன். வளர்ந்த ஒருவரின் உடற்பரப்பு 1.8 சதுர மீட்டர் அளவு. 2 மில்லிமீட்டர் கூழ் என்றால் 3.6 கிலோ கூடுதல் சுமை. நாங்கள் ஏற்கெனவே உருளை, தலைக்கவசம் எல்லாம் சேர்த்து 20 கிலோவுக்கு மேல் சுமக்கிறோம். இரண்டாவது, வியர்வை வெளியேற வழி இல்லை. உடல் சூடேறி இதயம் திணறுவது எங்கள் தொழிலில் தீக்காயத்தைவிட அதிகம் பேரைச் சாய்க்கிறது. மூன்றாவது மின்சாரம். கூழ்மம் சொல்லும் உப்புக் கூழ் நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். இடிந்த கூரையிலிருந்து கம்பிகள் தொங்கும் அறைக்குள் அதை அணிந்து நுழைய நான் தயாரில்லை.

எண்ணெய்த் தீ பற்றியும் ஒரு வார்த்தை. சமையல் எண்ணெய் தானாகவே பற்றும் வெப்பநிலை 350 டிகிரிக்கு மேல். அந்தச் சட்டியின் மேல் தண்ணீர் நிறைந்த போர்வை உள்ளே சரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு உலர்ந்த கண்ணாடியிழைப் போர்வையே சரி. இரண்டையும் ஒரே கொக்கியில் மாட்டிவைத்தால் பதற்றத்தில் எது எது என்று தெரியாது.

வெண்பஞ்சு | பதிவு 13

தீக்காயப் பிரிவில் செவிலியர். போர்வை பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன்.

தீ அணைந்த பிறகு கூழ்ப்போர்வையை ஆளின் மேலேயே விட்டுவைக்காதீர்கள். உடலின் பெரும்பரப்பு எரிந்தவருக்கு உடல்வெப்பத்தைக் காக்கும் தோலே இல்லை. ஈரப் போர்வைக்குள் சிறிது நேரம் கிடந்தாலே உடல் குளிர்ந்துவிடும், குழந்தைகளுக்கு இன்னும் வேகமாக. காயத்தைக் குளிர்விக்க முதல் தேர்வு ஓடும் குளிர்ந்த குழாய்த்தண்ணீர், 20 நிமிடம். பனிக்கட்டி வேண்டாம். தண்ணீரே கிடைக்காத இடத்தில் கூழ் கட்டு உதவும். காயத்தைக் குளிர்வியுங்கள், ஆளைச் சூடாக வைத்திருங்கள் என்பதுதான் எங்கள் நடைமுறை.

சந்தேகி | பதிவு 14

இப்போது எனக்கே ஆர்வம் வந்துவிட்டது. காட்டுத்தீ வரும்போது வீட்டுச் சுவரில் கூழ் தெளிக்கிறார்களே, அதுவும் இதே குடும்பமா? எரிந்த குப்பையில் ஒரு குழந்தையின் ஈரமான உறிஞ்சு அணையாடை மட்டும் எரியாமல் கிடந்ததைப் பார்த்த அமெரிக்கத் தீயணைப்பாளர் ஒருவர் அப்படியொரு கூழை உருவாக்கினார் என்று படித்திருக்கிறேன். என் உண்மையான கேள்வி: காய்ந்த பிறகு? தண்ணீர் போன பின் மிஞ்சுவது பாலிமர். பாலிமர் எரியுமே.

கூழ்மம் | பதிவு 15

அதே குடும்பம்தான், ஆனால் வலிமை இல்லாத தம்பி. அணையாடையில் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு தண்ணீரைக் குடிக்கும். சுவரில் ஒட்டும், மடிக்க வேண்டிய தேவை இல்லை, அதனால் வலிமையும் தேவையில்லை. ஆனால் காட்டுத்தீக்கு முன்னால் வரும் சூடான காற்றிலேயே ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும்.

காய்ந்த பிறகு என்ன என்ற கேள்விக்கு 2024இல் ஸ்டான்ஃபோர்டில் எரிக் ஆப்பெல் குழு நல்ல விடை ஒன்றைக் காட்டியது. செல்லுலோஸ் பாலிமரோடு நுண்ணிய சிலிக்கா துகள்களைச் சேர்த்த கூழ். தண்ணீர் கொதித்து, பாலிமர் எரிந்துபோனதும் சிலிக்கா மட்டும் நுரைபோல் நின்று ஏரோஜெல் ஆகிவிடுகிறது. ஏரோஜெல் வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் பொருள். முதலில் தண்ணீர் வெப்பத்தை விழுங்குகிறது, அது தீர்ந்ததும் நுரை தடுக்கிறது. ஒட்டுப்பலகையில் பூசிக் கைச்சுடரால் சோதித்தபோது, பலகை கருகத் தொடங்க 7 நிமிடத்துக்கு மேல் ஆனது. சந்தையில் இருந்த கூழ் 90 விநாடிகூடத் தாங்கவில்லை.

இதைத் துணிக்குக் கொண்டுவந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஆசைதான், ஆனால் சிலிக்கா நுரை மடங்கினால் நொறுங்கும். அசையாமல் தொங்கும் திரை, கருவிகளின் மேல் போர்த்தும் உறை என்றால் பரவாயில்லை. நடக்கும் மனிதனின் முழங்கைக்கு ஒத்துவராது.

பாலிஅக்ரிலமைடு காய்ந்தால் எரியத்தான் செய்யும். மிஞ்சுவது குறைவு என்பதால் பெரிய தீயாக வராது, ஆனால் அம்மோனியாவும் மேலும் சூடானால் நச்சு வாயுக்களும் வரும். கால்சியம் ஆல்ஜினேட் இதில் நல்ல பிள்ளை. அதன் உலர் இழையே தானாக அணையும் குணம் கொண்டது. இழை எரிய காற்றில் ஆக்சிஜன் 34 விழுக்காடு அளவுக்கு வேண்டும். பருத்திக்கு 18 போதும், நாம் சுவாசிக்கும் காற்றில் 21 இருக்கிறது.

தறிநிழல் | பதிவு 16

அப்படியானால் பாலிஅக்ரிலமைடை விட்டுவிட்டு வெறும் ஆல்ஜினேட்டிலேயே செய்கிறேன். திட்டம் இதுதான்: பருத்தித் துணியைச் சோடியம் ஆல்ஜினேட் கரைசலில் நனைத்து, பிறகு கால்சியம் குளோரைடு கரைசலில் முக்கிக் கூழாக்குவது. பிறகு சுடர் காட்டி, பின்பக்க வெப்பநிலையை அளப்பது. ஒப்பிட வெறும் துணி ஒன்று, ஈரத்துணி ஒன்று.

சாயப்பட்டறை | பதிவு 17

பாலிஅக்ரிலமைடை விட்டது நல்ல முடிவு, தம்பி. அதைச் செய்ய வேண்டிய அக்ரிலமைடு மூலப்பொருள் நரம்பு நஞ்சு. கூழான பின் தீங்கு குறைவு, தூளைக் கையாள்வதுதான் அபாயம். ஆய்வுக்கூடத்தின் புகை உறிஞ்சும் கூண்டும் கையுறையும் மேற்பார்வையும் இல்லாமல் தொடாதே.

உன் திட்டத்தில் ஒரு கோளாறு. கால்சியம் குளோரைடில் முக்கினால் மேற்பரப்பு உடனே இறுகித் தோலாகிவிடும். உள்ளே கால்சியம் போகாது, நடுவில் திரவமாகவே இருக்கும், மடித்தால் பிதுங்கும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மெல்லிசாகப் பல முறை ஏற்று. இன்னொன்று, மெதுவாகக் கரையும் கால்சியம் சல்பேட்டைத் தண்ணீரில் குழைத்து ஆல்ஜினேட்டோடு கலந்து, இறுகுவதற்குள் துணியில் வார்த்துவிடு. 2012இல் அந்தக் குழுவும் கால்சியம் சல்பேட்டைத்தான் பயன்படுத்தினார்கள். குமிழி போக வார்ப்பதற்கு முன் கரைசலை ஓரிரவு அசையாமல் வை.

துணி எது என்பதும் முக்கியம். நெருக்கமாக நெய்த துணியில் கூழ் மேலேயே நின்று உரிந்து வரும். தளர்வான நெசவோ பின்னல் துணியோ எடுத்தால் இழைகளுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். பதனிடும்போது ஏற்றிய மெழுகும் மென்மையூட்டியும் போகத் துணியைக் கொதிக்கவைத்து அலசிவிட்டுத் தொடங்கு. பெரும்பாலான மாணவர்கள் கோட்டை விடுவது அங்கேதான்.

மூன்றாம்அடுக்கு | பதிவு 18

துணிக்கு அடியில் கையை வைக்கும் அந்தக் காணொளியை மட்டும் திரும்பச் செய்துவிடாதீர்கள், தம்பி. மேற்பார்வையாளர் இல்லாமல் சுடர் ஏற்ற வேண்டாம்.

கொதிநிலை | பதிவு 19

ஒப்பீட்டில் இன்னும் ஒரு மாதிரி சேர்க்க வேண்டும்: கூழ்த்துணி, அதன் பின்னால் உலர்ந்த கம்பளம், இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஆவித்தடுப்புப் படலம். அதே அடுக்கைப் படலம் இல்லாமலும் செய்யுங்கள். வெப்பநிலை அளக்கும் கம்பி உணரியான வெப்பமின் இரட்டையைக் கூழின் முதுகில் ஒன்றும் கம்பளத்தின் முதுகில் ஒன்றும் வையுங்கள். கூழின் முதுகில் 100 டிகிரியில் கோடு நேராக நிற்பது தெரியும். அது எப்போது மேலே துள்ளுகிறதோ அப்போது அந்த இடத்தில் தண்ணீர் தீர்ந்தது. மாதிரியின் ஓரங்களைச் சட்டத்தில் இறுக்கிப் பிடியுங்கள், இல்லையேல் சூடான வாயு சுற்றிவந்து முதுகைத் தொட்டு எல்லா அளவையும் கெடுத்துவிடும்.

வெப்பநிலையோடு எடையையும் அளவிடுங்கள். சோதனைக்கு முன்னும் பின்னும் கூழ்த்துணியைத் தனியாக, கம்பளத்தைத் தனியாக எடைபோடுங்கள். கூழ் இழந்த எடையைக் கிலோவில் எடுத்து 2257 கிலோஜூலால் பெருக்கினால் தண்ணீர் ஆவியாக விழுங்கிய வெப்பம் தெரியும். கம்பளத்தின் எடை கூடியிருந்தால் ஆவி பின்பக்கம் புகுந்து அங்கே மறுபடி தண்ணீராகியிருக்கிறது என்று பொருள். படலம் இல்லாத மாதிரியில் அது எத்தனை கிராம் என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். மூன்றாம்அடுக்கு ஐயாவுக்கும் கூழ்மத்துக்கும் இடையே நிற்கும் வழக்கு அந்த எண்ணில்தான் தீரும்.